நானேதான் பார்க்கப்போகிறேன் என்பவர்களுக்கு

"நானே எழுதியது, நானே பார்த்துக்கொள்ளப்போவது. இதற்குப் போய் எதற்குக் குறிப்பு?" திருச்சியில் தனியாளாக சாஃப்ட்வேர் எழுதித் தொழில் நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். தில்லைநகரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருப்பவரும் இதைச் சொல்வார், ஸ்ரீரங்கத்தில் வீட்டு முன்கட்டையே அலுவலகமாக்கிக்கொண்டவரும் சொல்வார். பெரிய கம்பெனியில் ஒரே நிரலில் பத்துப் பேர் கைவைப்பார்கள், ஆள் மாறிக்கொண்டே இருக்கும், அங்கே கமெண்ட், அதாவது நிரலுக்குள் விளக்கக் குறிப்பு, எழுதுவது சரி. ஒற்றை ஆளுக்கு அது வீண்வேலை. இதுதான் இவர்களுடைய கட்சி. கேட்க நியாயமாக இருப்பதால் பரவியும்விட்டது. கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு முன்பே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இது தவறு. கொஞ்சம் தவறு, சில சமயம் தவறு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. குழுவுக்குத் தேவைப்படுவதைவிடத் தனியாளுக்குத்தான் குறிப்பு அதிகம் தேவை என்பது என் கட்சி. குழுவில் ஒருவர் மறந்ததை இன்னொருவரிடம் கேட்கலாம். தனியாள் மறந்தால் கேட்க ஆளே கிடையாது.

முதலில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். செய்தித்தாள்கள் நவல்பட்டு ஐடி பூங்காவைப் பற்றி எழுதும். ஆனால் பெரிய கடைவீதி நகைக்கடையின் பில், காந்தி மார்க்கெட் மண்டியின் தரகுக் கணக்கு, புத்தூர் கிளினிக்கின் டோக்கன், துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கும் பட்டறையின் டெலிவரி சலான் என்று ஊரின் அன்றாடக் கணக்கில் கணிசமான பகுதி தனியாட்கள் எழுதிய புரோகிராம்களில் ஓடுகிறது. ஃபாக்ஸ்புரோவில் தொடங்கி விபிக்கு மாறி, பிறகு டாட்நெட்டுக்கோ பைத்தானுக்கோ வந்தவை அவை. ஒருமுறை ஓட ஆரம்பித்தால் கடைக்காரர் அதைத் தொடவிடமாட்டார். அரசு விதி மாறினால்தான் திறப்பார்கள். தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது 2007 ஜனவரி 1. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிதாகத் திருத்தப்பட்டு, பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் நீங்கியது 2025 செப்டம்பர் 22. முதல் இடைவெளி பத்தரை ஆண்டு, இரண்டாவது எட்டு ஆண்டுக்கு மேல். நடுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தாலும், வரி கணக்கிடும் அடிப்படைப் பகுதியைத் திறக்கும் சந்தர்ப்பங்கள் இவ்வளவு தள்ளித்தான் வருகின்றன. "நான்தானே எழுதினேன்" என்று சொல்கிறவர் எட்டு ஆண்டு பார்க்காமல் விட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அந்த எட்டு ஆண்டில் அவர் வேறு எத்தனையோ கடைகளுக்கு எழுதியிருப்பார்.

நினைவு அவ்வளவு மோசமா என்று கேட்பார்கள். எதை நினைவு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. நகைக்கடை பில்லிங்கிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரு புரோகிராமில் இரண்டு லட்சம் என்ற எண் இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில், பில் தொகை இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் வாடிக்கையாளரின் பான் எண்ணைக் கேள் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில், ரொக்கமாக வாங்குவது இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் பில்லை நிறுத்து என்று இருக்கிறது. முதலாவதில் 'மேல்' என்பதற்கான குறி மட்டும் உண்டு. இரண்டாவதில் 'சமம்' என்ற குறியும் சேர்ந்திருக்கிறது. ஆறேழு ஆண்டு கழித்து எழுதியவரே இதைத் திறக்கிறார். ஒரே எண்ணை ஒரே கடைக்கு இரண்டு விதமாக ஒப்பிட்டிருப்பது கண்ணில் படுகிறது. அவசரத்தில் எழுதியிருப்போம், கைப்பிழை என்று நினைக்கிறார். 'சமம்' குறியை எடுத்து இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுத் திருப்தியாக மூடுகிறார். நல்ல புரோகிராமருக்குத்தான் இந்த எண்ணம் வரும். சோம்பேறி தொட்டிருக்கவே மாட்டார்.

அது பிழையே இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் எண் தரவேண்டும் என்ற வரம்பு 2016 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் வாசகம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் என்றது. ரொக்கத்துக்கான கட்டுப்பாடு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு. 2017 ஏப்ரல் 1-இல் வந்தது. அதன் வாசகம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ என்றது. இரண்டும் வேறு வேறு விதிகள், வேறு வேறு ஆண்டில் வந்தவை, எல்லைக்கோட்டில் வேறு வேறு மாதிரி நடப்பவை. கல்யாண நகைக்குச் சுளையாக இரண்டு லட்சம் ரொக்கம் கொண்டுவந்து கொடுப்பது நம் ஊரில் அபூர்வமில்லை. 'திருத்தப்பட்ட' புரோகிராம் அதை ஏற்றுக்கொள்ளும். வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதத்துக்கு அந்தச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஒரே ஒரு 'சமம்' குறிக்கு விலை இரண்டு லட்சம் ரூபாய். கட்டப்போகிறவர் கடைக்காரர்.

விதியை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கலாமே என்பார்கள். அது விதியிலிருந்து வந்த எண் என்று தெரிந்திருந்தால் தேடியிருக்கலாம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பில்லில் தன் கையெழுத்து வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தாலும் நிரலில் அதே எண்தான் நிற்கும். சட்டம் சொன்ன எண், ஆடிட்டர் போனில் சொன்ன எண், முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி சொன்ன எண், நாமே குத்துமதிப்பாகப் போட்ட எண் எல்லாமே நிரலுக்குள் போனதும் ஒரே முகமாகிவிடுகின்றன. வாடிக்கையாளர் எண் 117 என்றால் சேதாரம் போடாதே என்று ஒரு வரி இருக்கிறது. 117 யார்? முதலாளியின் சம்பந்தியா, பழைய கடன் பாக்கிக்கு ஈடாகச் செய்த ஏற்பாடா, சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்ததா? நிரலை ஆயிரம் முறை படித்தாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் விடை நிரலுக்குள் இல்லை.

ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து 1885-இல் நூல் வெளியிட்டார். சோதனை செய்தவரும் அவர்தான், சோதனைக்கு உட்பட்டவரும் அவர்தான். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு பிடிக்கிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழிந்தால் முதல் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே மிச்சமானது. ஒரு மாதத்தில் அது ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. நிரல் அர்த்தமில்லாத அசை இல்லையே என்று மறுப்பவர்களுக்கு நான் பாதி இடம் தருகிறேன். வட்டி எப்படிக் கணக்கிடுவது, பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது என்பதையெல்லாம் திரும்பப் படித்தால் புத்தி மறுபடி கட்டிக்கொள்ளும். அதற்குக் குறிப்பு வேண்டாம். ஆனால் 117, இரண்டு லட்சம், 'சமம்' குறி ஆகியவை தர்க்கத்திலிருந்து பிறக்காதவை. புத்தியால் அவற்றை மறுபடி கட்ட முடியாது. எபிங்ஹாஸின் அசைகளைப் போலவே அவை போய்விடும்.

அடுத்த வாதத்தைக் கொஞ்சம் படித்தவர்கள் சொல்வார்கள். நல்ல நிரல் தன்னைத் தானே விளக்கும், பெயர்களை ஒழுங்காக வைத்தால் போதும் என்பது அது. பெயர்களை ஒழுங்காக வைக்கவேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. 'ஹால்மார்க் தேவையா' என்று ஒரு சிறு பகுதிக்குப் பெயர் வைத்து, எடை இரண்டு கிராமுக்குக் குறைவானால் தேவையில்லை என்று எழுதியிருப்பது அழகான நிரல்தான். அது என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. ஏன் இரண்டு கிராம்? கட்டாய ஹால்மார்க் ஆணையில் அந்த எடைக்குக் குறைவான நகைகளுக்கு விலக்கு இருப்பதால். அதை எந்தப் பெயரும் சொல்லாது. ஆணை மாறினால் இந்த வரியைத்தான் மாற்றவேண்டும் என்பதையும் சொல்லாது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த சுஜாதாதான் தமிழ் வாசகர்களில் மிகப் பலருக்குக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தினார். ஜூனியர் விகடனில் அவர் எழுதிய கேள்வி பதில் பகுதிக்கு 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று பெயர். நிரல் இவற்றில் 'எப்படி'க்கு மட்டும் பதில் சொல்கிறது, அதையும் மிகச் சரியாகச் சொல்கிறது. மற்ற இரண்டுக்கும் அதனிடம் வாயில்லை.

பெயர் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்னொரு பெரிய சாட்சி உண்டு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் எழுதிய எத்தனையோ புரோகிராம்கள் வாடிக்கையாளர் பெயர்களைப் பாமினியிலோ வானவில்லிலோ வேறு ஏதாவது எழுத்துருவிலோ சேமித்தன. ஒவ்வொன்றிலும் எழுத்து உட்காரும் இடம் வேறு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. கடைகளும் மெல்ல அந்தப் பக்கம் வந்தன. பழைய டேட்டாபேஸைத் திறந்தால் 'வாடிக்கையாளர் பெயர்' என்ற களத்துக்கு அருமையான பெயர்தான் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது ஆங்கிலக் குப்பை. எந்த எழுத்துரு என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் மாற்றி எடுப்பது அரை மணி நேர வேலை. இல்லையென்றால் ஒவ்வோர் எழுத்துருவாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். நடுவில் எழுத்துரு மாறி, பாதிப் பெயர் ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் இருந்துவிட்டால் அந்த நாள்கள் கொடுமையானவை. அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவரும் அதே ஒற்றை ஆள்தான்.

எதிர்க்கட்சியின் வாதங்களில் வலுவானது வேறு. குறிப்பு பழசாகிவிடும் என்பார்கள். நிரலை மாற்றுகிறோம், கமெண்ட்டை மாற்ற மறந்துவிடுகிறோம், பிறகு அந்தக் கமெண்ட்டே நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகும், பொய்க் குறிப்பைவிடக் குறிப்பில்லாததே மேல். இது உண்மையில் நடக்கிறது. வரி 5 சதவீதம் என்று கமெண்ட் சொல்லும், கீழே நிரலில் 18 இருக்கும். எதை நம்புவது?

நடப்பது எதனால் என்று பார்த்தால் வாதம் கரைந்துவிடும். பழசாகிற குறிப்புகளில் பெரும்பாலானவை, நிரல் ஏற்கெனவே சொல்வதையே மறுபடி சொல்பவை. 'இங்கே வரியைக் கூட்டுகிறோம்' என்று வரியைக் கூட்டும் இடத்தில் எழுதுவது குறிப்பே அல்ல, எதிரொலி. அதை எழுதவே வேண்டாம். தேதியிட்டு எழுதிய காரணம் பழசாவதில்லை. '2017 ஏப்ரல்: ரொக்கம் இரண்டு லட்சமோ மேலோ கூடாது, 269எஸ்டி. பான் விதி வேறு, அங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால்தான். இரண்டையும் ஒன்றாக்காதே.' நாளைக்கு விதி மாறினாலும் இந்தக் குறிப்பு பொய்யாகாது. 2017 ஏப்ரலில் ஏன் அப்படிச் செய்தோம் என்பதற்கு அது என்றைக்கும் சாட்சி. புது விதி வந்தால் அதன் கீழே புதுத் தேதியில் இன்னொரு வரி எழுதினால் போதும். ஸ்ரீரங்கம் கோயிலில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. அரசர் பெயரும் ஆட்சியாண்டும் சொல்லிவிட்டுத்தான் இன்ன கொடை, இன்னாருக்கு, இன்ன நிபந்தனைக்கு என்று எழுதுவது கல்வெட்டு மரபு. அந்த நிலங்களில் பல இன்று கோயிலிடம் இல்லாமல் போயிருக்கலாம். அதனால் கல்வெட்டு பொய் சொல்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் எழுதவேண்டுமே என்ற தயக்கம் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் திருச்சியில், தஞ்சாவூரில், கரூரில் தனியாளாக எழுதும் பலருக்கு நிரல் எழுதுவதில் உள்ள சரளம் ஆங்கில வாக்கியம் எழுதுவதில் இல்லை. கமெண்ட் என்றால் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று எங்கோ பதிந்துவிட்டது. முதலாளி தமிழில் சொன்ன ஒரு நிபந்தனையை, அதன் நெளிவு சுளிவோடு, ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுது என்றால் கை ஓடாது. 'செக் கண்டிஷன்' என்று இரண்டு சொல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் மட்டுமே படிக்கப்போகிற குறிப்பு அது. தமிழில் எழுதுங்கள். இன்றைய எடிட்டர்களும் மொழிகளும் யூனிகோடு கமெண்ட்டைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. சேதாரம், செய்கூலி, தரகு, ஏற்றுகூலி, பழைய நகைக் கழிவு ஆகியவற்றை அந்தச் சொற்களாலேயே எழுதுங்கள். முதலாளி சொன்ன வாக்கியத்தை அப்படியே இறக்கிவையுங்கள். தனியாளுக்கு இருக்கிற ஒரே பெரிய வசதி இது. பன்னாட்டுக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காத வசதி. அதை வைத்துக்கொண்டு எழுதாமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

கோட்பாடு பேசுகிறவர்கள் டென்மார்க்கின் பீட்டர் நவுரை இழுப்பார்கள். 2005-ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றவர். 1985-இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இது: புரோகிராமின் உயிர் அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கும் புரிதலில்தான் இருக்கிறது, அதை ஆவணங்களால் முழுக்கக் கடத்த முடியாது, அந்தப் புரிதல் உள்ளவர்கள் கலைந்துபோனால் காகிதங்களை மட்டும் வைத்து புரோகிராமை உயிர்ப்பிப்பது ஏறக்குறைய இயலாதது. நானும் இதை நம்புகிறேன். இதிலிருந்து குறிப்பு வீண் என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு. நவுர் கவலைப்பட்டது புதிய ஆளுக்குக் கடத்துவதைப் பற்றி. முன்பு ஒருமுறை முழுப் புரிதலும் இருந்து, காலத்தால் மங்கிய ஆளின் நிலை வேறு. புதியவருக்கு முப்பது பக்கம் எழுதினாலும் போதாத இடத்தில் பழையவருக்கு மூன்று வரி போதும். '117, முதலாளியின் தங்கை வீடு, 2019 தைக் கல்யாணம் வரை மட்டும்' என்ற ஒற்றை வரி அவருக்கு அந்த நாளின் முழுப் பேச்சையும் திருப்பிக் கொண்டுவந்துவிடும். வேறொருவருக்கு அது பாதிதான் புரியும். ஆக, தனக்காக எழுதும் குறிப்புதான் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது. நவுரை ஒழுங்காகப் படித்தால் அவர் தனியாளைக் குறிப்பு எழுதச் சொல்லும் பக்கத்தில்தான் நிற்கிறார்.

2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கையையும் சிலர் காட்டுவார்கள். விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற சாஃப்ட்வேருக்கு முதலிடம் என்றது அது. முதலிடம் என்றால் மற்றதைத் தூக்கியெறி என்று பொருளில்லை. அந்த அறிக்கையின் கடைசி வாக்கியமே மற்றதற்கும் மதிப்பு உண்டு என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நேரம் ஏது என்ற கேள்விக்கு வருகிறேன். வாடிக்கையாளர் கமெண்ட்டுக்குக் காசு தருவதில்லை, உண்மைதான். இதற்கு டொனால்ட் நுத் என்ற மனிதரைக் காட்டுகிறேன். கணித நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அச்சுக்குக் கோக்க உலகம் முழுக்கப் பயன்படும் டெக் என்ற புரோகிராமை எழுதியவர். அதன் மூல நிரலில் மாற்றம் செய்யும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டவர். நம் தனியாட்களின் கணக்குப்படி அவருக்குக் குறிப்பு தேவையே இல்லை. அவர் செய்தது என்ன? விளக்கமும் நிரலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும்படி எழுதும் முறையையே உருவாக்கி 1984-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். டெக்கின் முழு நிரலையும் அந்த விளக்கத்தோடு 1986-இல் புத்தகமாகவே போட்டார். 1978-இல் தொடங்கித் தான் செய்த பிழைகளையும் மாற்றங்களையும் ஒன்றுவிடாமல் பதிந்துவந்து 1989-இல் அதையும் வெளியிட்டார். பிற்பாடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் வந்த பிழை அறிக்கைகளைப் பார்த்துத் திருத்தினார். 2014-இல் ஒருமுறை செய்தார், அடுத்தது 2021-இல். நடுவில் ஏழு ஆண்டு. 2021-இல் அவருக்கு வயது 83. எழுதி நாற்பது ஆண்டான, உலகமே நம்பியிருக்கும் நிரலை 83 வயதில் திறந்து, உடைக்காமல் திருத்திவிட்டு மூட முடிந்தது. நினைவாற்றலை நம்பி அவர் அதைச் செய்யவில்லை.

அவர் பேராசிரியர், நேரமிருந்தது, நமக்கு இல்லை என்பார்கள். நம்மிடம் யாரும் புத்தகம் கேட்கவில்லை. முதலாளி போனில் சொல்கிறார், நீங்கள் வரியை மாற்றுகிறீர்கள், மாற்றிய கையோடு அவர் சொன்னதை மேலே எழுதுகிறீர்கள். காரணம் மனத்தில் சூடாக இருக்கும் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் சேமித்தவர் அதைத் திருப்பிக் கட்டும் நாள் பொதுவாக அட்சய திருதியையாகத்தான் இருக்கும். கடையில் கால் வைக்க இடமில்லை, பில் தப்பாக வருகிறது, முதலாளி போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார், நீங்கள் உங்கள் நிரலையே அந்நியர் நிரலைப் போல வரி வரியாகத் துழாவிக்கொண்டிருக்கிறீர்கள். 2025-இல் ஜிஎஸ்டி மன்றம் புதிய விகிதங்களை அறிவித்தது செப்டம்பர் 3, நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. ஆயத்த ஆடையில் ஆயிரம் ரூபாய் என்றிருந்த எல்லை 2,500 ஆனது, அதற்கு மேல் 12 சதவீதமாக இருந்தது 18 ஆனது. எந்தெந்த வரிகள் வரிச்சட்டத்திலிருந்து வந்தவை என்று எழுதி வைத்திருந்தவர்கள் அந்த இரண்டரை வாரத்தில் நேராக அந்த இடங்களுக்குப் போயிருப்பார்கள். மற்றவர்கள் ஆயிரம் என்ற எண்ணை நிரல் முழுக்கத் தேடி, எந்த ஆயிரம் ஆடை விலை, எந்த ஆயிரம் வேறு ஏதோ என்று பிரித்துக்கொண்டிருக்கவேண்டும்.

இப்போது புதிதாக ஒரு பதில் வந்திருக்கிறது. ஏஐ படித்துச் சொல்லிவிடும் என்கிறார்கள். நிரல் என்ன செய்கிறது என்பதை அது நன்றாகவே சொல்கிறது. 117 யார் என்று கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? ஊழியர் சலுகையாக இருக்கலாம் என்று நம்பும்படியான ஒரு காரணத்தைக் கற்பித்துத் தரும். மறந்துபோனவர் தலையாட்டிவிடுவார். குறிப்பு இல்லாததைவிட மோசமான நிலை அது.

இதுவரை 'நான் மட்டுமே பார்ப்பேன்' என்ற பேச்சை உண்மை என்று எடுத்துக்கொண்டே வாதாடினேன். அது உண்மையா? அப்படி உறுதி கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. காய்ச்சல் வரும், விபத்து நடக்கும், மகள் சிங்கப்பூருக்குக் கூப்பிடுவாள். கடை மட்டும் மறுநாள் காலை திறந்தாகவேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதம் கடைக்காரர் கணக்குகளை வைத்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் அதிகாரி வந்து இந்த பில்லில் இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால் கடைக்காரர்தான் பதில் சொல்லவேண்டும். பதில் இருப்பதோ உங்கள் தலையில். 'என்னை விட்டால் ஆளில்லை' என்ற நிலையைச் சிலர் தொழில் பாதுகாப்பாகவே கருதுகிறார்கள். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கொடுத்து நம்பியிருக்கும் மனிதரைப் பிணைக்கைதியாக வைத்திருப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, அநியாயம்.

ஒற்றை ஆளின் நினைவை நம்புவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது ஸ்ரீரங்கத்துக்கு வரலாற்றிலேயே தெரியும். கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் நிகழ்ச்சி இது. 1323-இல் டில்லிப் படை வந்தபோது வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். பல ஊர்கள் சுற்றி 1371-இல்தான் விஜயநகர அதிகாரி கோபணார்யரின் முயற்சியால் பெருமாள் திரும்பினார். 48 ஆண்டு. அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் எழுந்தருளப்பண்ணப்பட்டிருந்தார். எவர் பழைய உற்சவர் என்று அடையாளம் காட்ட, முன்பு கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. கடைசியில் முதுமையால் பார்வை இழந்த சலவைத் தொழிலாளி ஒருவர் முன்வந்தார். திருமஞ்சனமான ஈரவாடைத் தீர்த்தத்தின் சுவையை வைத்துச் சொல்ல முடியும் என்றார். இரண்டையும் பருகி இவரே நம்பெருமாள் என்று காட்டினார். அவரை ஈரங்கொல்லி என்று வைணவ மரபு போற்றுகிறது. மற்ற உற்சவர் திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் அதே கோயிலில் இருக்கிறார்.

அந்தப் பெரியவரின் பக்திக்கு முன்னால் நான் கைகூப்புகிறேன். கூடவே ஒன்றையும் பார்க்கிறேன். ஒரு மாபெரும் கோயிலின் மிக முக்கியமான கேள்விக்கு விடை ஒரே ஒரு முதியவரின் நாவில் தங்கியிருந்தது. அவர் ஒரு வருடம் முன்னதாகக் காலமாகியிருந்தால்? கோயிலொழுகு என்ற நூலே இத்தகைய கேள்விகளுக்காக எழுந்ததுதான். இராமானுஜர் ஐந்தாக இருந்த பணியாளர் கொத்துகளைப் பத்துக்கொத்தாக விரித்ததையும் எந்தக் கொத்துக்கு எந்தக் கைங்கரியம் என்பதையும் அது பதிந்திருக்கிறது. அந்தக் கைங்கரியங்களைச் செய்தவர்கள் பரம்பரையாகச் செய்தவர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது, வேறு யாரும் தொடப்போவதில்லை. 'நாங்களே செய்கிறோம், எங்களுக்கு எதற்கு எழுத்து' என்று சொல்ல அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. அவர்கள் காரியமும் எழுத்தில் ஏறியது.

நம் தொழிலுக்கு வேலை காத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. பிரிவு எண்கள் மாறுகின்றன. நகைக்கடைக்கு எழுதினாலும் மண்டிக்கு எழுதினாலும் பட்டறைக்கு எழுதினாலும், பழைய சட்டத்திலிருந்து வந்த எண்கள் உங்கள் நிரலில் எங்காவது இருக்கும். எப்படியும் திறக்கத்தான் போகிறீர்கள். திறக்கும்போது ஒவ்வோர் எண்ணின் மேலும் இது எங்கிருந்து வந்தது, யார் சொன்னார், எந்தத் தேதியில் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். நினைவில்லாதவற்றுக்குக் கடைக்காரரையும் ஆடிட்டரையும் இப்போதே கேளுங்கள், அவர்களுக்கும் மறப்பதற்குள். எழுதி முடித்ததும் அச்செடுத்து ஒரு பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.